எலும்பு ஸ்கேன்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோர்ஜ்டவுனில் எலும்பு ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஸ்கேன் முடிந்து கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில்தான் பலருக்கும் கேள்விகள் வரும். அதற்குள் அடுத்தவர் கதவைத் தட்டிவிடுவார். அப்படிப் பாதியில் நின்றவற்றுக்கு இங்கே கொஞ்சம் விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். டெஸ்டுகளைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

ஒரே டெஸ்டில் எலும்பு எவ்வளவு பலம் என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. உடைத்துப் பார்த்தால்தான் ஓர் எலும்பு எவ்வளவு தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதனால் எல்லா டெஸ்டும் வேறு எதையோ அளந்து, அதிலிருந்து பலத்தைக் கணிக்கின்றன.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய நிபுணர் குழு, எலும்புப்புரை என்பது எலும்பின் பலம் குன்றிய நிலை என்று வரையறுத்தது. அடர்த்தியும் தரமும் சேர்ந்ததுதான் பலம் என்றும் சொன்னது. கல்யாணப் பந்தலை நினைத்துப் பாருங்கள். எத்தனை மூங்கில் இறங்கியது என்று எண்ணிவிடலாம், அது அடர்த்தி. கட்டு இறுக்கமாக இருக்கிறதா, குறுக்குக் கழிகள் விட்டுப்போயிருக்கின்றனவா, மூங்கிலுக்குள் பூச்சி அரித்திருக்கிறதா என்பதெல்லாம் தரம். எலும்பிலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் பஞ்சுப் பகுதியின் வலைப்பின்னல், வெளி ஓட்டின் தடிமன், அந்த ஓட்டில் விழுந்த நுண்துளைகள், கொலாஜன் என்ற புரதத்தின் நிலை, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள், பழைய எலும்பு கரைந்து புதிது உருவாகும் வேகம், எல்லாமே கணக்கில் வரும்.

அடர்த்தியை அளக்க நல்ல கருவி இருக்கிறது. தரத்தை அளக்கும் கருவிகளில் சில பாதி வழி வந்திருக்கின்றன, சில ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு இன்னும் வெளியே வரவில்லை.

டெக்ஸா ஸ்கேன் என்ன செய்கிறது?

இரண்டு வெவ்வேறு சக்தி அளவுள்ள எக்ஸ்ரேயை உடம்புக்குள் செலுத்தி, சதையைக் கழித்துவிட்டு எலும்பில் எவ்வளவு கனிமம் இருக்கிறது என்று கணக்கிடும். வழக்கமாக இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் நான்கு கட்டைகளையும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் எலும்புத் துண்டுகள்) தொடை எலும்பின் மேல்பகுதியையும் எடுப்போம். இரண்டையும் எடுக்க முடியாதவர்களுக்கும், பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்பவர்களுக்கும் முன்கையை எடுப்போம்.

முடிவு டி-ஸ்கோர் என்ற எண்ணாக வரும். இளம் வயதுப் பெண்களின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு கீழே இருக்கிறீர்கள் என்பதை அது சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த எல்லைகள்தாம் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன: -1 அல்லது அதற்கு மேல் என்றால் சரி, -1க்கும் -2.5க்கும் நடுவில் என்றால் அடர்த்தி குறைவு, -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குக் குறைந்த ஆண்களுக்கும் இந்த எல்லைகள் பொருந்தாது. அவர்களை அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும்.

என் டி-ஸ்கோர் -2.1 தான். எலும்புப்புரை இல்லை என்று நினைத்தேன். டாக்டர் ஏன் மருந்து எழுதினார்?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். -2.5 என்பது ஆட்களை வகை பிரிக்கப் போட்ட கோடு. -2.4 வரை எலும்பு தாங்கும், -2.5இல் முறிந்துவிடும் என்று அர்த்தமில்லை. எலும்பு முறிந்து வரும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரின் டி-ஸ்கோர் அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்கிறது. குறைந்த அடர்த்தி உள்ளவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பது ஒரு காரணம். தரத்தை டெக்ஸா பார்ப்பதில்லை என்பது இன்னொன்று.

ஒருவேளை குளியலறையில் வழுக்கி உங்கள் மணிக்கட்டு முறிந்திருக்கலாம். அல்லது உங்கள் அம்மாவுக்கு இடுப்பு முறிந்திருக்கலாம். டாக்டர் அவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார். நின்ற உயரத்திலிருந்து விழுந்தே இடுப்போ முதுகுக் கட்டையோ முறிந்தவருக்கு, டி-ஸ்கோர் எதுவாக இருந்தாலும் எலும்புப்புரை என்றே எடுத்துக்கொள்வார்கள். எலும்பின் தரத்துக்கு இதைவிட நேரான டெஸ்ட் கிடையாது: எலும்பே பதில் சொல்லிவிட்டது. ஆனால் "எப்பவாவது எலும்பு முறிஞ்சதா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். "கீழே விழுந்து கட்டுப் போட்டதுண்டா?" என்று மாற்றிக் கேட்டதும் கதை வெளியே வரும்.

பேரங்காடியில் பால்மாவு விற்பவர்கள் குதிகாலில் கருவி வைத்து இலவசமாகப் பார்த்தார்கள். நல்லா இருக்கு என்றார்கள். அது போதாதா?

போதாது. அது அல்ட்ராசவுண்ட். குதிகால் எலும்பு வழியாக ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு தேய்கிறது என்று பார்க்கும். கதிர்வீச்சு இல்லை, கருவியைத் தூக்கிக்கொண்டு போகலாம், நல்ல கருவியானால் முறிவு அபாயத்தை ஓரளவு கணிக்கவும் முடியும். ஆனால் அதில் வரும் டி-ஸ்கோரும் டெக்ஸாவின் டி-ஸ்கோரும் ஒன்றல்ல. -2.5 என்ற எல்லையைக் குதிகாலுக்குப் போட முடியாது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அது உதவாது.

குறைவு என்று வந்தால் டாக்டரிடம் போங்கள். சரி என்று வந்தாலும் உங்களுக்கு வேறு அபாயம் இருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். பால்மாவு டின் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம்.

ஸ்கேனுக்கு முன்னால் நானே ஏதாவது கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்கென்றே ஓஸ்டா என்ற கணக்கு இருக்கிறது. மலேசியா உட்பட எட்டு நாட்டுப் பெண்களை வைத்து உருவாக்கி 2001இல் வெளியிட்டார்கள். கிலோவில் உங்கள் எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்குங்கள். 68 வயது, 52 கிலோ என்றால் 52 - 68 = -16. அதை 0.2ஆல் பெருக்கினால் -3.2. விடை -1க்கு மேல் இருந்தால் அபாயம் குறைவு, -1 முதல் -4 வரை நடுத்தரம், -4க்குக் கீழே அதிகம். நடுத்தரம் அல்லது அதிகம் என்றால் டெக்ஸா எடுப்பது நல்லது. கனத்த உடம்புக்காரர்களை இந்தக் கணக்கு தப்பவிட்டுவிடும்.

இன்னொன்று ஃபிராக்ஸ். பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்டது. 40 முதல் 90 வயது வரை உள்ளவர்களுக்கு, அடுத்த 10 ஆண்டில் பெரிய முறிவு வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம், இடுப்பு முறிவு எத்தனை சதவீதம் என்று சொல்லும். டெக்ஸா இல்லாமலும் போட்டுப் பார்க்கலாம். மலேசிய டாக்டர்கள் நெடுங்காலம் சிங்கப்பூர் மாதிரியைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். அதில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று தனித்தனியாக இருக்கிறது. நீங்கள் வேறு நாட்டுப் பக்கத்தைத் திறந்து போட்டால் எண் மாறிவிடும்.

எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது. டி-ஸ்கோர் -0.8. எலும்பைப் பற்றிக் கவலை வேண்டாம்தானே?

இங்கேதான் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். இரண்டாம் வகை நீரிழிவில் டெக்ஸா எண் பெரும்பாலும் நன்றாகவே வரும், சிலருக்குச் சராசரிக்கு மேலேகூட. ஆனால் அதே எண் உள்ள மற்றவர்களைவிட இவர்களுக்கு முறிவு அதிகம். ரத்தத்தில் பல வருடம் கூடிக் கிடந்த சர்க்கரை கொலாஜனோடு ஒட்டிக்கொண்டு அதை விறைப்பாக்குகிறது. எலும்பு புதுப்பிக்கப்படும் வேகமும் குறைகிறது. சிலருக்கு வெளி ஓட்டில் துளைகள் கூடுகின்றன. இவை எதுவும் டெக்ஸாவில் தெரியாது. கண் பார்வை மங்குவதும், பாதம் மரத்துப்போவதும், ராத்திரி சர்க்கரை இறங்குவதும் சேர்ந்தால் விழும் வாய்ப்பும் கூடுகிறது.

ஃபிராக்ஸிலும் இரண்டாம் வகை நீரிழிவுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. அதனால் முடக்குவாதம் என்ற மூட்டு நோய்க்கு உள்ள கட்டத்தை டிக் செய்து ஈடுகட்டச் சில நிபுணர்கள் சொல்கிறார்கள். உங்கள் டாக்டர் அப்படிச் செய்தால் தப்பாக டிக் செய்துவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

டிபிஎஸ் என்ற அளவு உதவுவது இந்த மாதிரி ஆட்களுக்குத்தான். தனி ஸ்கேன் எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே எடுத்த முதுகு டெக்ஸா படத்தில் சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கத்தை ஒரு மென்பொருள் ஆராய்ந்து, பஞ்சுப் பகுதியின் வலைப்பின்னல் நெருக்கமா, கிழிந்ததா என்று எண் கொடுக்கும். பொதுவாக 1.31க்கு மேல் நல்லது, 1.23க்குக் கீழே சிதைவு, நடுவில் பாதிச் சிதைவு. அந்த எண்ணை ஃபிராக்ஸில் சேர்த்து அபாயத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் இது பயன்படும்.

வயிற்றுக் கொழுப்பு அதிகமானால் படம் மங்கி எண் பொய் சொல்லும். உடல் நிறை குறியீட்டெண் 15க்கும் 37க்கும் இடையில் இருப்பவர்களுக்கே இது சரிப்படும். உரிமம் வாங்கிய இடங்களில்தான் இந்த மென்பொருள் இருக்கும் என்பதால், ஸ்கேனுக்கு நேரம் குறிக்கும்போதே "டிபிஎஸ் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

முதுகைப் பக்கவாட்டிலும் படம் எடுக்கணும் என்றார்கள். காசுக்காகவா?

இல்லை. காசு கொடுத்து எடுக்கும் டெஸ்டுகளில் அதிகம் பலன் தருவது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். முதுகுக் கட்டை முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு முறிவு என்றே தெரியாமல் போகிறது. வாயுப் பிடிப்பு, வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்து விட்டுவிடுவார்கள். பக்கவாட்டுப் படத்தில் கட்டையின் உயரம் 20 முதல் 25 சதவீதம் குறைந்திருந்தால் லேசான முறிவு, 40 சதவீதம் வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. இதை டெக்ஸா மேசையிலேயே எடுக்கலாம், சாதாரண எக்ஸ்ரேயிலும் பார்க்கலாம்.

நேர்ப் படத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நசுங்கிய கட்டையில் அதே கனிமம் சின்ன இடத்துக்குள் அடங்கிவிடுவதால் அதன் அடர்த்தி கூடியது போல் தெரியும். வயதானவர்களின் முதுகில் வளரும் எலும்பு முள்ளும், முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பும் அப்படித்தான் எண்ணை ஏற்றிவிடும். முதுகு நன்றாகவும் இடுப்பு மோசமாகவும் வந்தால், முதுகு எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

இளமையில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், அல்லது கிளினிக்கில் அளந்து வைத்ததைவிட 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், இந்தப் படத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

சிடி ஸ்கேன் இன்னும் துல்லியம் இல்லையா?

ஒரு வகையில் ஆமாம். டெக்ஸா பரப்பளவுக்கு இவ்வளவு என்று அளக்கிறது. அதனால் சின்ன எலும்புக்காரர்களுக்கு எண் சற்றுக் குறைத்தே வரும். க்யூசிடி என்ற சிடி முறை கன அளவில் அளக்கும், பஞ்சுப் பகுதியையும் ஓட்டையும் பிரித்துக் காட்டும், எலும்பு முள் அதைக் குழப்பாது. முதுகில் கன சென்டிமீட்டருக்கு 80 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் எலும்புப்புரை. கதிர்வீச்சும் செலவும் அதிகம் என்பதால் எல்லோருக்கும் எழுத மாட்டார்கள்.

சிடி படத்தைக் கணினியில் போட்டு, பொறியாளர்கள் இயந்திர பாகங்களைச் சோதிக்கும் முறையில் அந்த எலும்பின் மேல் பாரம் ஏற்றி, எத்தனை நியூட்டன் விசையில் முறியும் என்று கணக்கிடவும் முடியும். பலம் என்ற சொல்லுக்கு மிக நெருங்கி வரும் டெஸ்ட் இது. சில நாடுகளில் சிகிச்சையிலும் பயன்படுகிறது, நம் ஊரில் இது வழக்கமான டெஸ்ட் அல்ல.

கல்லடைப்புக்கோ வேறு எதற்கோ வயிற்றில் சிடி எடுத்திருக்கிறீர்களா? முதுகெலும்பும் அந்தப் படத்தில் விழுந்திருக்கும். அதை வைத்தே எலும்பு எப்படி இருக்கிறது என்று ரேடியாலஜிஸ்ட் ஓரளவு சொல்ல முடியும். பழைய சிடியைத் தூக்கிப் போடாதீர்கள்.

இணையத்தில் நுண்படம், ஊசி டெஸ்ட் என்றெல்லாம் படித்தேன். எங்கே போய்ச் செய்வது?

மணிக்கட்டையும் கணுக்கால் பக்கத்து எலும்பையும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நுணுக்கத்தில் படம் பிடிக்கும் சிடி கருவி உண்டு. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தை மரக்கச் செய்து, நுண்ணிய முனையால் அங்குள்ள எலும்பின் ஓட்டில் தட்டி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கும் முறையும் உண்டு. இரண்டும் அருமையான ஆராய்ச்சிக் கருவிகள். உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய இரண்டும் தேவையில்லை. இவற்றைத் தேடிக்கொண்டு விமானம் ஏற வேண்டாம்.

இடுப்பு எலும்பில் துளி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வேறு விஷயம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு எலும்பு எந்த விதத்தில் பழுதாகியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் எப்போதாவது செய்வார்கள். முதுகிலும் இடுப்பிலும் வைத்துப் பார்க்கும் புதுவகை அல்ட்ராசவுண்டும் வந்திருக்கிறது. நம்பிக்கை தருகிறது, ஆனாலும் டெக்ஸாவின் இடத்தை இன்னும் பிடிக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் எலும்பு தெரியுமா?

இரண்டு விதமாக ரத்தம் எடுப்பார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எலும்பு ஏன் கெட்டது என்று தேடுவது ஒன்று: கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம், தைராய்டு, பாராதைராய்டு, ரத்த அணுக்கள், தேவைப்பட்டால் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கான புரதப் பரிசோதனை, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன். இவை வழக்கமாகத் தேவைப்படுபவை.

சிடிஎக்ஸ், பி1என்பி போன்ற குறிகள் இன்னொன்று. முதலாவது எலும்பு கரையும் வேகம், இரண்டாவது உருவாகும் வேகம். நோய் இருக்கிறதா இல்லையா என்று இவை சொல்லாது. மருந்து வேலை செய்கிறதா, நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று மூன்று மாதத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். டெக்ஸாவில் அது தெரிய ஒன்றிரண்டு வருடம் ஆகும். சிடிஎக்ஸுக்கு வெறும் வயிற்றோடு காலையிலேயே போக வேண்டும். தோசை சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் போனால் எண் இறங்கித் தெரியும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், சில ஆய்வகக் கருவிகளை அது குழப்பும்.

ஸ்கேனுக்கு எப்படி வர வேண்டும்?

அன்று காலை கால்சியம் மாத்திரை வேண்டாம். கரையாமல் வயிற்றில் கிடந்தால் முதுகெலும்புக்கு மேல் வெள்ளைப் புள்ளியாக விழும். பேரியம் குடித்தோ, மருந்து ஏற்றியோ ஸ்கேன் எடுத்திருந்தால், எத்தனை நாள் கழித்து வரலாம் என்று முன்கூட்டியே கேளுங்கள். சாப்பிட்டுவிட்டு வரலாம், பட்டினி தேவையில்லை.

உடையில் உலோகம் கூடாது. சேலைக் கொசுவத்தில் குத்திய ஊக்கு, பாவாடைக் கொக்கி, இடுப்பில் வெள்ளி அரைஞாண், அதில் கோத்த தாயத்து, இவை நான்காவது கட்டைக்கு மேலேயே வந்து உட்காரும். தாலியைக் கழற்றச் சொல்வேனோ என்று பயந்து வரும் அம்மாக்கள் உண்டு. வேண்டாம், முதுகு எடுக்கும்போது அது படத்துக்குள் வராது. அரைஞாணை மட்டும் கொஞ்ச நேரம் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலுக்கடியில் பெட்டி வைத்து முதுகை எடுப்போம். இடுப்புக்குப் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவோம். வலித்தால் சொல்லுங்கள். கதிர்வீச்சு, நீங்கள் சும்மா வீட்டில் இருந்தாலே ஓரிரு நாளில் இயற்கையாகப் படும் அளவுதான். கர்ப்பமாக இருந்தால் மட்டும் எடுக்க மாட்டோம்.

அடுத்த ஸ்கேனை வேறு இடத்தில் மலிவாக எடுக்கலாமா?

முடிந்தவரை அதே இடம், அதே கருவி. ஒரு நிறுவனத்தின் கருவி காட்டும் எண்ணும் இன்னொரு நிறுவனத்தின் எண்ணும் ஒத்துவராது. ஒரே கருவியில்கூட, படுக்கும் விதம் மாறினால் இரண்டு மூன்று சதவீதம் ஏறி இறங்கும். 2 சதவீதம் கூடியதற்குச் சந்தோஷமும் வேண்டாம், 2 சதவீதம் குறைந்ததற்கு மருந்தை நிறுத்தவும் வேண்டாம். டி-ஸ்கோரை ஒப்பிடாமல், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எண்ணை ஒப்பிடுங்கள். வழக்கமாக ஒன்று முதல் இரண்டு வருட இடைவெளி போதும்.

அரசாங்க மருத்துவமனையில் எடுக்க முடியுமா?

அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டரைப் பார்த்து, அவர் தேவை என்று நினைத்தால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார். காத்திருக்க வேண்டிவரும். தனியாரில் சீக்கிரம் கிடைக்கும், கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். போன் போட்டு முதுகு, இடுப்பு, பக்கவாட்டுப் படம், டிபிஎஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். "எலும்பு ஸ்கேன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் முதுகுக்கு மட்டும் விலை சொல்லிவிடுவார்கள்.

ஆண்களுக்கும் தேவையா?

தேவை. 70 வயதில் எல்லா ஆண்களும், அதற்கு முன்பே முறிவு கண்டவர்கள், அதிகம் குடிப்பவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள். இடுப்பு முறிந்த பிறகு இறந்துபோகும் வாய்ப்பு பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். நம் அப்பாக்களை இழுத்து வருவதுதான் கஷ்டம்.

நான் ஸ்டீராய்டே சாப்பிட்டதில்லை. ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்?

மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த ஜாமு, மஜூன் போன்ற நாட்டு மருந்து, பெயரில்லாத பொடி என்று ஏதாவது சாப்பிட்டிருக்கலாம். சுகாதார அமைச்சு இப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, முகம் உப்பிவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை தினம் 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மூன்று மாதம் சாப்பிட்டாலே எலும்பைப் பார்க்க வேண்டும். அடர்த்தி இறங்குவதற்கு முன்பே தரம் இறங்கிவிடும். ஆனால் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

எலும்புப்புரைக்குப் பல வருடமாக வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். தொடை வலிக்கிறது. ஸ்கேன் எடுக்கலாமா?

முதலில் டாக்டரிடம் போங்கள், இந்த வாரமே. அந்த வகை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பின் நடுப்பகுதியில் விரிசல் வரும். ஆசியப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். வழக்கமான டெக்ஸா அந்த இடம்வரை எடுக்காது. இரண்டு தொடைக்கும் முழு நீள எக்ஸ்ரே வேண்டும். இதைப் படித்துவிட்டு வலியே இல்லாதவர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம். அது தடுக்கும் முறிவுகள் இதைவிடப் பல மடங்கு.

அம்மாவுக்கு டி-ஸ்கோர் -2.8. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறலாமா?

பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. எந்த ஸ்கேனும் இதற்குப் பதில் சொல்லாது. நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை பலவீனம். அப்படியானால் முதலில் உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் கூட்டிப் போங்கள். கடந்த ஒரு வருடத்தில் விழுந்தாரா, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா, கண்ணாடி மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்றும் பாருங்கள். சமீபத்தில் முதுகுக் கட்டை முறியாமல், இவையெல்லாம் சரியாக இருந்து, டாக்டரும் சரி என்றால், கூட்டம் இல்லாத ஒரு நாள் காலையில், கைப்பிடிப் பக்கமாக, பால்குடம் இல்லாமல், ஒருவர் கூடவே வர, மெதுவாக ஏறலாம். இறங்கும்போதுதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். அப்போது அம்மாவுக்கு ஒரு படி கீழே நீங்கள் நில்லுங்கள்.